மூன்றாவது சக்கரம் கேமராவுக்குத் தெரியாது

ஜூன் 3, திங்கள்

நடப்பதை நடந்தபடி இன்று முதல் எழுதி வைக்கப் போகிறேன். கோர்ட்டுக்குப் போனால் நாள் கிழமையோடு கேட்பார்கள் என்று டீக்கடைப் பொங்கியண்ணன் சொன்னார். பெயின்ட் கடைக்காரர் புது வருஷத்துக்குக் கொடுத்த டைரி ஒரு எழுத்தும் எழுதாமல் கிடந்தது. அதற்கு இப்போது வேலை வந்துவிட்டது.

விஷயம் இதுதான். மேட்டுக்கடை சிக்னலில் புதிதாகக் கேமரா வைத்திருக்கிறார்கள். அது என் வண்டியைப் படம் பிடித்து அபராதம் போட்டிருக்கிறது. ஹெல்மெட் அணியாமல் ஓட்டிய குற்றமாம். குற்றவாளியின் பெயர் மயிலாத்தாள். அவள் என் மனைவி. பிறந்ததிலிருந்து சைக்கிளைக்கூடத் தொட்டதில்லை. அன்றைக்கும் பின் சீட்டில் காய்கறிப் பையோடு உட்கார்ந்திருந்தாள்.

தகவல் ஓசூரில் இருக்கும் மகன் சிவசண்முகத்தின் செல்லுக்குப் போயிருக்கிறது. வண்டியைப் பதிந்தபோது அவன் நம்பரைக் கொடுத்திருந்தோம். "அம்மா பேர்ல கேஸுப்பா," என்று போனில் சிரித்தான். மயிலாத்தாளும் சிரித்தாள். "நான் எப்பங்க ஓட்டுனேன், எனக்கே தெரியாம?" என்றாள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.

கோர்ட்டுக்காக வண்டியைப் பற்றியும் எழுத வேண்டும். நான் நாற்பது வருஷம் டிங்கர் வேலை பார்த்தவன். இடி வாங்கிய காரை என் பட்டறையில் விட்டால் ஒடுக்கு எடுத்து, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்துப் புது வண்டியாகக் கொடுப்பேன். யாரிடமும் கற்றுக்கொண்டதல்ல. மயிலாத்தாளுக்குச் சிறு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இடது கால் சூம்பிவிட்டது. வயதான பிறகு பஸ் படி ஏற முடியவில்லை. பட்டறையை மூடியதும், பின்னால் இரண்டு சக்கரம் வைத்த ஸ்கூட்டர் ஒன்றை வாங்கினேன். அதன்மேல் தகரக் கூரை, முன்கண்ணாடி, இரண்டு பக்கமும் கதவு, பின்னால் அகலமான சீட்டு எல்லாம் நானே அடித்துப் பொருத்தினேன். மழையில் ஒரு சொட்டு உள்ளே வராது. கால் முடியாதவர்களுக்கு வரி கிடையாது என்பதால் அவள் பெயரில் பதிந்தேன். எல்லாரும் செய்வதுதான்.

மூன்று சக்கரம். மூடிய வண்டி. இதற்குள் உட்கார்ந்து ஹெல்மெட் எதற்கு? போட்டாலும் தலை கூரையில் முட்டும். என் உயரத்துக்கு அளந்து அடித்த கூரை அது. எந்த அதிகாரி சொன்னாலும் அதை ஒரு இஞ்சு உயர்த்த மாட்டேன்.

ஜூன் 5, புதன்

போக்குவரத்துக் காவல் நிலையத்துக்குப் போனேன். சப்-இன்ஸ்பெக்டர் என் மகனைவிட இளையவர். உட்காரச் சொன்னார். அதுவரை சரி.

"பெரியவரே, பைக்குன்னா ஹெல்மெட், காருன்னா பெல்ட். உங்களுது என்ன?"

"மூணு சக்கரமுங்க. மூடுன வண்டி."

"அப்ப ஆட்டோ. ஆட்டோவுக்குக் காக்கிச் சட்டை எங்க, மீட்டர் எங்க?"

"ஆட்டோ இல்லீங்க. சொந்த வண்டி."

"அப்ப காரா?"

"காருன்னு யாருங்க சொன்னா?"

பக்கத்தில் இருந்த ஏட்டு, "சார், ஐயா கப்பல் வெச்சிருக்காராட்ட இருக்குது," என்றார். எல்லாரும் சிரித்தார்கள். கேமராவுக்கு முன்னால் ஒரு சக்கரம் மட்டும்தான் தெரியும், பின்னால் இருப்பது இரண்டு என்று அதற்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். நல்ல கேள்வி என்று சப்-இன்ஸ்பெக்டரே ஒத்துக்கொண்டார். ஆனால் வண்டியின் ஆர்.சி. புத்தகத்தில் ஸ்கூட்டர் என்றுதான் பதிந்திருக்கிறது, அதை மாற்றும் அதிகாரம் தனக்கு இல்லை என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார். டீயைக் குடித்தேன். அபராதம் கட்டவில்லை.

ஜூன் 6, வியாழன்

கிணற்று மோட்டார் காயில் போய்விட்டது. நாள் முழுக்க அதோடு சண்டை. வேறொன்றும் இல்லை.

ஜூன் 9, ஞாயிறு

சந்தைக்குப் போய்வந்தோம். வயதாக ஆக இவளுக்கு வாய் அதிகமாகிவிட்டது. கல்யாணமான புதிதில் கேட்டதற்குக்கூடப் பதில் வராது. இப்போது வண்டி ஏறியதிலிருந்து இறங்கும்வரை ஓயாத பேச்சு. பின் சீட்டில் இடது பக்க ஜன்னலை ஒட்டி உட்கார்ந்துகொண்டு, "பஸ்ஸு நிக்குது. ஆட்டுக்குட்டி ரெண்டு. பால்காரரு ஓரமாப் போறாரு. பள்ளம். இன்னொரு பள்ளம்," என்று என் காதிலேயே சொல்லிக்கொண்டு வருகிறாள். திருப்பம் வந்தால் "போலாங்க" என்று கண்டக்டர் மாதிரி வேறு சொல்ல வேண்டும். சில சமயம் கையை வெளியே நீட்டி ஆட்டுகிறாள்.

"எனக்குத் தெரியாதா? கொஞ்சம் பேசாம வா," என்றேன்.

பேசாமல்தான் வந்தாள், எங்கள் சந்து முனைவரை. எதிர்வீட்டுத் தேவகி செம்பருத்தித் தொட்டியை வைக்கக்கூடாத இடத்தில் வைத்திருக்கிறாள். அது உடைந்துவிட்டது. தெரு என்ன அவள் தோட்டமா என்று கேட்டேன். தேவகி என் பக்கமே திரும்பவில்லை. மயிலாத்தாளைப் பார்த்தாள். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டார்கள். பெண்களுக்குள் என்னவோ.

ஜூன் 10, திங்கள்

கலெக்டர் ஆபீஸ் மனு நாள். பழைய புத்தகக் கடையில் வாங்கிய மோட்டார் வாகனச் சட்டப் புத்தகத்தை வைத்து நானே மனு எழுதினேன். மோட்டார் சைக்கிள் என்றால் இரண்டு சக்கரம் என்று அதில் கறுப்பு வெள்ளையாக இருக்கிறது. இப்போதெல்லாம் புத்தகங்களை மோசமாக அச்சடிக்கிறார்கள். வரியின் ஒரு பக்கம் மங்கலாகவே இருக்கிறது. பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன்.

மனுவின் முக்கியமான வரி: "மூன்று சக்கரங்களும் கூரையும் கதவுகளும் உள்ள வாகனத்தை இரு சக்கர வாகனமாகக் கருதுவது எண்ணத் தெரியாதவர் செயல்." கடைசிப் பகுதியை எடுத்துவிடுங்கள் என்று மனு வாங்கும் பெண் சொன்னாள். எடுக்க மாட்டேன் என்றேன்.

ஜூன் 13, வியாழன்

சிவசண்முகம் போன் செய்தான். அபராதத்தோடு வந்த படத்தைச் செல்லில் பெரிதாக்கிப் பார்த்தானாம்.

"அப்பா, அம்மா கை ஏன் ஜன்னலுக்கு வெளிய இருக்குது?"

"அவளுக்கு வேற வேலை என்ன? வர்றவன் போறவனுக்கெல்லாம் கை காட்டுறா."

"பக்கத்துல ஒரு பைக்குக்காரன் பிரேக் அடிச்சு நிக்கறாப்பல இருக்குதுப்பா. அம்மா அவனத்தான் நிறுத்துறாங்க."

"கூரை தெரியுதா படத்துல? கதவு தெரியுதா? அதச் சொல்லு."

தெரிகிறது என்றான். அதுதான் வேண்டும். பிரதி எடுத்து அனுப்பச் சொன்னேன். பிறகு அம்மாவிடம் கொடுங்கள் என்றான். அவள் செல்லை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டாள். வெகுநேரம் பேசினாள்.

ஜூன் 19, புதன்

வண்டிக்குச் சின்ன வேலை. இடது மட்கார்டின் முன் ஓரத்தில் ஒடுக்கு. இடது கதவிலும் கொஞ்சம் கீறல். நிறுத்தி வைத்த இடத்தில் யாரோ இடித்துவிட்டுப் போகிறார்கள். இந்த ஊரில் எவனுக்கும் ஓட்டத் தெரியவில்லை.

தட்டி எடுத்துப் பட்டி பார்த்து வைத்தேன். கையில் இன்னும் வேலை இருக்கிறது. பட்டறை வைத்திருந்த காலத்தில் ஒடுக்கைத் தடவிப் பார்த்தே இடித்தவன் கதையைச் சொல்லிவிடுவேன். தூணில் மோதியதா, வண்டியில் மோதியதா, பிரேக் போட்டு மோதினானா, போடாமலே மோதினானா, எல்லாம் தகரம் சொல்லும். ஒரு தடவை ஒரு மில் முதலாளியிடம், "நீங்க இடிச்சப்ப இதப் பாக்கவே இல்லீங்க, வேற எங்கியோ பாத்துட்டிருந்தீங்க," என்று சொன்னேன். பக்கத்தில் அவர் சம்சாரம் இருந்தார். அதற்குப் பிறகு அவர் என் பட்டறைக்கு வரவில்லை.

ஜூன் 25, செவ்வாய்

மனுவுக்குப் பதில் வந்துவிட்டது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறார்களாம், வண்டியோடு நேரில் வரவேண்டுமாம். பொங்கியண்ணனிடம் காட்டினேன். "பாதிக் கிணறு தாண்டியாச்சு," என்றார். மீதிக் கிணற்றைத் தாண்டுவதை அவர் இருந்து பார்க்கட்டும்.

ஜூன் 28, வெள்ளி

கூரியரில் ஒரு பெட்டி வந்தது. உள்ளே ஹெல்மெட். நீல நிறம். சிவசண்முகம் அனுப்பியிருக்கிறான். நான் இங்கே சட்டத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன், பெற்ற மகன் எதிர்க்கட்சிக்கு ஆயுதம் வாங்கிக் கொடுக்கிறான்.

"உங்களுக்கில்லீங்க. எனக்கு. நாந்தான் கேட்டேன்," என்றாள் மயிலாத்தாள்.

சாயங்காலம் கோயிலுக்குப் போகும்போது அதைப் போட்டுக்கொண்டு பின் சீட்டில் ஏறினாள். தாழ்வான சீட்டு, குள்ளமான உருவம், அதனால் கூரையில் முட்டவில்லை. கொண்டை உள்ளே போகாமல் பின்னலாகத் தொங்கவிட்டிருந்தாள்.

"மூடுன வண்டிக்குள்ள எதுக்குடி இது?"

"எனக்குப் பயமா இருக்குதுங்க."

"போலீசுக்கா?"

அவள் தாடைப் பட்டையை இறுக்கிக்கொண்டாள். பெருமாள் கோயில் வாசலில் பூக்காரி, "என்னங்க பெரியம்மா, விமானம் ஓட்டப் போறீங்களா?" என்று கேட்டாள். மானம் போயிற்று. திரும்பி வரும் வழியெல்லாம் நான் பேசவில்லை. அவள்தான் பேசினாள். பஸ், பள்ளம், நாய், சைக்கிள்.

ஜூலை 4, வியாழன்

வட்டாரப் போக்குவரத்து அலுவலகம். கவுண்டரில் இருந்தவர் ஆர்.சி. புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஓனர் மயிலாத்தாள். அவங்க வரலீங்களா?"

"வெளிய வண்டியில இருக்குது. நான் அவ வீட்டுக்காரன்."

"இது கால் முடியாதவங்க ஓட்டுறதுக்குன்னு பதிஞ்ச வண்டிங்க. காலுக்கு வேலையே இல்ல, ஆக்சிலேட்டர், பிரேக் எல்லாம் கையிலதான். உங்களுக்குக் கால் நல்லா இருக்குதே. அவங்க ஓட்ட வேண்டிய வண்டிய நீங்க ஏன் ஓட்டுறீங்க?"

இப்படி ஒரு கேள்வியை நான் வாழ்நாளில் கேட்டதில்லை. அவளா? தையல் மிஷினைத் தவிர எதையும் ஓட்டாதவள். பிரேக்கைக் கைப்பிடிக்கு மாற்றி அமைத்திருந்தது அவளுக்காக அல்ல, வாங்கும்போதே அப்படித்தான் இருந்தது என்று சொன்னேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. கேபின் கட்டியதற்கு அனுமதி வாங்கியிருக்கிறீர்களா என்றார். என் லைசென்ஸை வாங்கிப் பார்த்து, இது முடியப் போகிறது, புதுப்பிக்க டாக்டர் சர்டிபிகேட் வேண்டும் என்றார். செவ்வாய்க்கிழமை பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியைப் பார்ப்பார், அப்போது எல்லாவற்றையும் கொண்டுவாருங்கள் என்றார்.

நான் போனது ஹெல்மெட்டுக்காக. திரும்பியது மூன்று குற்றங்களோடு.

ஜூலை 6, சனி

டாக்டர் சர்டிபிகேட் வாங்கியாயிற்று. எங்கள் தெரு டாக்டருக்கு நேரமே இருப்பதில்லை, அவ்வளவு கூட்டம். பாரத்தை நீட்டினேன். "நல்லா இருக்கீங்களா?" என்றார். "நல்லா இருக்கேனுங்க," என்றேன். கையெழுத்துப் போட்டார். சுவரில் எழுத்துப் பலகை மாட்டியிருந்தது. அவர் அதைப் படிக்கச் சொல்லவில்லை. வேலையாக இருப்பவரை நாமாகப் போய்த் தொந்தரவு செய்வது முறையல்ல.

வெளியே உட்கார்ந்திருந்த மயிலாத்தாள், "கண்ணப் பாத்தாருங்களா?" என்று கேட்டாள்.

"எல்லாம் பாத்தாச்சு."

ஜூலை 9, செவ்வாய்

பிரேக் இன்ஸ்பெக்டர் ஒரு பெண். பெயர் தமயந்தி. பேச்சில் மரியாதை இருந்தது. வண்டியைச் சுற்றி வந்து, கூரையைத் தட்டிப் பார்த்து, "நல்ல வேலைங்க ஐயா. யார் செஞ்சது?" என்று கேட்டார். சொன்னேன். மூன்று சக்கரத்தையும் குனிந்து எண்ணியே பார்த்தார். "நீங்க மனுவுல எழுதினீங்கல்ல, எண்ணத் தெரியாதவங்கன்னு. அதான் எண்ணிட்டேன்," என்றார். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

நான் கேட்டதில் நியாயம் இருக்கிறது என்றும் சொன்னார். கேபினுக்கு முறைப்படி அனுமதி வாங்கினால், ஹெல்மெட் கேள்வியை மேலிடத்துக்கு எழுதிக் கேட்கலாம் என்றார். அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் கீழே குனிந்தவர் இடது மட்கார்டைத் தடவினார்.

"இந்தப் பக்கம் மட்டும் பெயின்ட் புதுசா இருக்குதே?"

"நிறுத்தி வெச்ச எடத்துல யாரோ இடிச்சுப்போட்டாங்க அம்மிணி."

"கதவுலயுமா?"

"ஆமாங்க."

அவர் நிமிர்ந்து கையைத் தட்டிக்கொண்டார். பிறகு, "சும்மா ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டுங்க. நான் பின்னாடி உட்காந்துக்கறேன்," என்றார். மயிலாத்தாள் உடனே எழுந்து வந்தாள். "நானும் வர்றேனுங்க அம்மிணி. நான் இல்லாம அவரு ஓட்டுனதில்லீங்க."

"ஒரு அஞ்சு நிமிஷம்தாங்க அம்மா. நீங்க நிழல்ல உட்காருங்க."

"ஓரமா உட்காந்துக்கறேனுங்க. பேசக்கூட மாட்டேன்."

ஒரு அதிகாரி முன்னால் இப்படிக் கெஞ்ச வேண்டுமா? "போய் உக்காரு," என்று சத்தம் போட்டேன். போனாள். ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்தாள்.

வண்டியை எடுத்தேன். அலுவலக வாசலைத் தாண்டி மெயின் ரோட்டில் கொஞ்ச தூரம். இன்ஸ்பெக்டர் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த வண்டிக்குள் அவ்வளவு அமைதியை நான் கேட்டதில்லை. ரோட்டில் பாதியை யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்ட மாதிரி இருந்தது.

பெட்ரோல் பங்க் தாண்டி இடது பக்கம் திரும்பச் சொன்னார். இண்டிகேட்டர் போட்டேன். நிறுத்தினேன். நின்றேன்.

பின்னால் ஹார்ன் அடித்தார்கள்.

"ஏனுங்க ஐயா நின்னுட்டீங்க?"

நான் "போலாங்க" என்ற வார்த்தைக்காகக் காத்திருந்தேன். அது வரவில்லை.

"ஐயா?"

மெதுவாகத் திருப்பினேன். உடனே, "நிறுத்துங்க," என்றார். குரல் உயரவில்லை. ஆனால் நிறுத்தினேன். இறங்கி இந்தப் பக்கம் வாருங்கள் என்றார். போய்ப் பார்த்தேன். இடது மட்கார்டை ஒட்டி ஒரு இளநீர் வண்டி. அதன் பக்கத்தில் ஸ்டூலில் ஒரு ஆள். அவன் முழங்காலுக்கும் என் தகரத்துக்கும் நடுவில் ஒரு கை நுழையாது. அரிவாளும் கையுமாக அப்படியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீ எப்பப்பா இங்க வந்தே?" என்று கேட்டேன்.

"காலையில இருந்து இங்கதானுங்க இருக்கறேன்," என்றான்.

வண்டியை இன்ஸ்பெக்டரே ஓட்டிக்கொண்டு வந்தார். நான் பின் சீட்டில் உட்கார்ந்து வந்தேன்.

ஜூலை 10, புதன்

எழுத ஒன்றுமில்லை.

ஜூலை 12, வெள்ளி

வண்டியை அலுவலகத்திலிருந்து மெக்கானிக் ஒருவர் கொண்டுவந்து விட்டுப் போனார். மத்தியானம் உப்புத்தாளை எடுத்து இடது மட்கார்டைத் தேய்த்தேன். பெயின்ட், பட்டி, அதற்குக் கீழே பெயின்ட், அதற்குக் கீழே பட்டி. தேய்த்துக்கொண்டே போனால் பட்டி வந்துகொண்டே இருந்தது. இத்தனை தடவை பார்த்திருக்கிறேன் என்று எனக்கே நினைவில்லை. தகரம் தெரிந்த பிறகு விரலால் தடவினேன்.

எல்லாம் முன்னோக்கி ஓடும்போது விழுந்தவை. நிற்கும் வண்டியில் விழுந்த ஒடுக்கு ஒன்றுகூட இல்லை. எதற்கும் பிரேக் போடவில்லை.

வேறு யாருடைய வண்டியாக இருந்தாலும் பார்த்த உடனே சொல்லியிருப்பேன்.

மயிலாத்தாள் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு நின்றாள். "எவ்வளவு நாளா?" என்று கேட்டேன்.

"ரெண்டு வருசம் இருக்குமுங்க. மாரியம்மன் நோம்பி அன்னிக்கு அந்தப் பொம்பளப் புள்ள மேல போக இருந்தீங்களே. அதுலருந்து."

"எந்தப் புள்ள?"

"பாத்தீங்களா," என்றாள்.

ஜூலை 22, திங்கள்

சிவசண்முகம் லீவு போட்டு வந்து கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனான். ஒரு கருவிக்குள் தலையை வைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். நான் அழுத்தியதைவிட அழுத்தாத நேரம் அதிகம் போலிருக்கிறது. இடது பக்கம் ஒரு புள்ளிகூட வரவில்லை, கருவி பழுதாக இருக்கலாம். இரண்டாவது தடவையும் வைத்தார்கள்.

டாக்டர் சொன்னதை இங்கே எழுத வேண்டியதில்லை. சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார். போனது போனதுதான், இருப்பதைக் காப்பாற்றலாமாம். வண்டி ஓட்டுவதைப் பற்றி அவர் என்னிடம் சொல்லவில்லை. சிவசண்முகத்திடம் சொன்னார். நான் என்ன அறையில் இல்லையா?

ஜூலை 29, திங்கள்

வண்டி வாசலில் தார்ப்பாய்க்குள் நிற்கிறது. சந்தைக்கு ஆட்டோ பிடித்தேன். அதன் படி அவளுக்கு எட்டவில்லை. டிரைவர் இறங்கி வந்து, "தூக்கி விடட்டுங்களா பாட்டி?" என்றான். "வேண்டாம் சாமி," என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டாள். நான் மட்டும் போய் வந்தேன். வாங்கிவந்த கத்திரிக்காயில் பாதி சொத்தை என்றாள்.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப் பதினெட்டு. போன வருஷம் ஆற்றுக்குப் போனோம். இந்த வருஷம் வாசலில் குழாயடியிலேயே மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டாள். சாப்பாடு போடும்போது சொன்னாள்:

"ஏனுங்க, வண்டி என் பேர்லதானுங்களே இருக்குது."

"அது வரிக்காகப் போட்டது."

"அன்னிக்கி அந்த ஆபீஸ்காரரு என்ன சொன்னாரு? கால் முடியாதவங்க ஓட்டுற வண்டின்னாரு. எனக்குக் காலுதானுங்க இல்ல. கண்ணு ரெண்டும் நல்லா இருக்குது."

"அறுவத்தாறு வயசுல கத்துக்கப் போறியா?"

"ரெண்டு வருசமா நாந்தானுங்க ஓட்டுறேன். கையி மட்டுந்தான் உங்குளுது."

சாம்பாரில் உப்பு அதிகம் என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டேன். உப்பு சரியாகத்தான் இருந்தது.

ஆகஸ்ட் 8, வியாழன்

வாடகைக் காரில் மறுபடியும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம். அவளுக்குப் பழகுநர் உரிமம் கேட்டோம். கவுண்டரில் அதே ஆள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார், பயத்தில்.

"வயசாயிருச்சேங்க," என்றார்.

"வயசுக்கு உச்ச வரம்பு எந்தப் பிரிவுல போட்டிருக்குது, காட்டுங்க பாக்கலாம்," என்றேன். புத்தகத்தைக் கையோடு கொண்டு போயிருந்தேன். அவர் பாரத்தை எடுத்துக் கொடுத்தார். இந்த முறை டாக்டரிடம் நானே நின்று, சுவரில் இருந்த பலகையைக் காட்டி, கடைசி வரி வரைக்கும் அவளைப் படிக்க வைத்தேன். படித்தாள். எனக்கு அது பலகை என்று தெரிந்தது.

கம்ப்யூட்டர் பரீட்சையில் சாலைக் குறியீடுகளைக் கேட்டார்கள். ஒன்றைத் தவிர எல்லாம் சரி. ஒருவழிப் பாதையைத் தப்பாகச் சொல்லிவிட்டாள். வீடு வரும்வரை அதையே நினைத்துப் புலம்பிக்கொண்டிருந்தாள்.

இன்ஸ்பெக்டர் தமயந்தி அவளைத் தனியாகக் கூப்பிட்டு ஏதோ பேசினார். கேபின் அனுமதி வரும்வரை ரோட்டுக்குப் போகாதீர்கள், சந்தைத் திடலில் பழகுங்கள் என்றாராம். போகும்போது என்னிடம், "ஐயா, உங்க ஹெல்மெட் மனு மேல போயிருக்குதுங்க," என்றார். போகட்டும். சட்டப்படி நான் சொன்னதுதான் சரி. அபராதத்தை இன்றுவரை கட்டவில்லை. சிவசண்முகம் கட்டியிருந்தால் அது அவன் பாடு.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

சந்தைத் திடல். முன் சீட்டில் அவள். வண்டி பாம்பு மாதிரி போயிற்று. "ஆக்சிலேட்டரத் திருகாத, தடவு," என்றேன். "சப்பாத்தி மாவா தடவுறதுக்கு?" என்றாள். இரண்டு தடவை நின்றுபோனது. ஒரு தடவை வேலி வரைக்கும் போயிற்று. ஆனால் வேலிக்கு முன்னால் பிரேக் போட்டாள்.

ஒரு பிரச்சனை. ஹெல்மெட் இல்லாமல் ஓட்ட மாட்டேன் என்கிறாள். பின் சீட்டில் முட்டாத தலை முன் சீட்டில் முட்டுகிறது. முன் சீட்டு உயரம். கழுத்தைக் கோணலாக வைத்துக்கொண்டு ஓட்டுகிறாள். மூடிய வண்டிக்கு ஹெல்மெட் தேவையில்லை என்று சட்டத்தோடு எடுத்துச் சொன்னேன்.

"சட்டத்துக்குத் தேவயில்லாம இருக்கலாமுங்க. எனக்குத் தேவ," என்றாள்.

இவளோடு வாதாட முடியாது.

ஆகஸ்ட் 17, சனி

கூரையைக் கழற்றினேன். முன் சீட்டுக்கு மேலே அளவெடுத்து வெட்டி, தகரத்தை மரச் சுத்தியால் உள்ளிருந்து தட்டித் தட்டிக் குவித்தேன். கண்ணைவிடக் கைக்குத்தான் இந்த வேலை தெரியும். அவளை ஹெல்மெட்டோடு உட்காரவைத்து இரண்டு தடவை அளவு பார்த்தேன். தலையைச் சாய்த்தாலும் முட்டாதபடி கொஞ்சம் பின்னால் தள்ளிக் குழி விட்டேன். வெளியிலிருந்து பார்த்தால் ஒட்டகம் மாதிரி இருக்கிறது.

தேவகி எட்டிப் பார்த்து, "எதுக்குங்க பெரியப்பா இது?" என்றாள். காற்றோட்டத்துக்கு என்று சொன்னேன்.

இந்த டைரியைக் கோர்ட்டில் கொடுப்பதாக இருந்தேன். பின்னால் புரட்டிப் பார்த்தேன். கொடுக்க முடியாது.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

திடலுக்குப் போனோம். வண்டியைச் சந்திலிருந்து திடல் வரைக்கும் பொங்கியண்ணனின் மருமகன் கொண்டுவந்து கொடுத்தான். அவள் ஹெல்மெட்டைப் போட்டு ஏறினாள். கழுத்து நேராக நின்றது. கையை மேலே கொண்டுபோய்ப் புதுக் கூரையைத் தொட்டுப் பார்த்தாள்.

நான் பின் சீட்டில் ஏறி வலது பக்க ஜன்னலை ஒட்டி உட்கார்ந்தேன்.

இன்று வண்டி நேராகப் போயிற்று. இரண்டு சுற்று முடித்து, மூன்றாவது சுற்றில், திடலுக்குக் குறுக்கே மாட்டுவண்டித் தடம் போகும் இடத்தில் நிறுத்தினாள். இண்டிகேட்டர் போட்டாள். தலையைத் திருப்பாமல் கேட்டாள்.

"ஏனுங்க, போலாமா?"

வலது பக்கம் பார்த்தேன். தடம் காலியாகக் கிடந்தது.

"என் பக்கம் ஒண்ணுமில்ல," என்றேன். "அந்தப் பக்கம் நீ பாத்துக்க."